கிரவுன் ஆயில்: எந்த வண்டிக்கு எதை ஊற்றுவது

சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் கணவாய் ஏறி வந்த லாரியின் பின் ஹவுசிங்கில் (பின் ஆக்ஸிலின் நடுவே உள்ள கியர் கூட்டில்), தருமபுரி வந்து நிறுத்தியதும் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில், கூட்டுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தையும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தையும் ஒன்றோடொன்று உரசவிடாமல் பிரித்து வைத்திருப்பது மெல்லிய ஆயில் படலம்தான்.

கடையில் "அண்ணே, 90 ஆயில் ஒரு கேன்" என்று கேட்பதில்தான் தப்பு தொடங்குகிறது. 90 என்பது கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும் எண். கேனில் முதலில் பார்க்க வேண்டியது ஏபிஐ ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு. பெரும்பாலான லாரிகளில் இருப்பது ஹைப்பாயிட் கிரவுன். அதில் பினியன், கிரவுனின் மையத்துக்குச் சற்று விலகி உட்கார்ந்திருக்கும். பல் மேல் பல் உருளுவதோடு நிற்காது, வழுக்கித் தேய்த்துக்கொண்டே ஓடும். அந்தத் தேய்ப்பை ஆயிலின் கெட்டி மட்டும் தாங்காது. கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம், சூட்டில் பல்லின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து காக்க வேண்டும். ஜிஎல்-4இல் அந்தச் சேர்மானம் குறைவு. அதை ஊற்றினால் பல் முகம் கீறல் விழுந்து, கொஞ்ச நாளில் ஊளைச் சத்தம் வரும்.

மிச்சமான ஜிஎல்-5ஐ கியர் பாக்ஸில் ஊற்றிவிடவும் கூடாது. பல பாக்ஸ்களில், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையம் இருக்கும். அதை இந்த ஆயில் கெடுக்கலாம். வண்டியோடு வந்த புத்தகம் அனுமதித்தால் மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்தது கெட்டித்தன்மை. 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் உறைபனிக் குளிருக்கானது. தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிருக்கும் 85 போதும். நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். வண்டியோடு வந்த புத்தகம் இரண்டையும் அனுமதித்தால், பர்கூர் பக்கம் கிரானைட் பிளாக் ஏற்றுகிற வண்டி, குவாரி டிப்பர், கணவாய் ஏறி இறங்கும் முழு லோடு வண்டி ஆகியவற்றுக்கு 140 போடுங்கள். சமவெளியில் நடுத்தர லோடு ஓட்டினால் 90 போதும். 140 எப்போதும் நல்லது என்று நினைப்பது தவறு. தேவையில்லாத கெட்டி ஆயிலைக் கலக்கிக் கலக்கியே ஹவுசிங் சூடேறும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். 75டபிள்யூ-90 சிந்தடிக் என்று புத்தகம் சொன்னால் அதையே ஊற்றுங்கள். மினரல் ஆயிலோடு கலக்காதீர்கள். ஊளையிடும் கிரவுனை அடக்க 140க்கு மாறுவது, பேரிங் ஆட்டத்தை மூடி மறைப்பது மட்டுமே.

பிக்கப்பில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் அதற்கென்று குறிப்பிட்ட ஆயில் வேண்டும். ஸ்விட்ச் போட்டுப் பூட்டுகிற டிஃப் லாக்குக்கு அது தேவையில்லை.

மாற்றும்போது வண்டியை 10, 15 கிலோமீட்டர் ஓட்டி ஆயில் வெதுவெதுப்பானதும் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முதலில் மேலே ஆயில் ஊற்றும் ஓட்டையை மூடியிருக்கும் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது இறுகிக் கிடக்கும்போது கீழே உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். பிறகு கீழ் போல்ட்டைக் கழற்றி, அரை மணி நேரம் முழுதாக வடிய விடுங்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மை போல் வழவழப்பான சாம்பல் நிறப் பொடி இருப்பது இயல்பு. விரலில் குத்துகிற செதில் கிடைத்தால், ஆயில் ஊற்றுவதற்கு முன் கிரவுனைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவ வேண்டாம். மூலையில் தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.

வாஷரைப் புதிதாகப் போட்டு கீழ் போல்ட்டை மூடி, ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பில் ஆயில் கசியும் வரை ஊற்றுங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் ஆயில் இருபக்கக் குழாய்க்கும் பரவி மட்டம் இறங்கும். அப்போது மறுபடி நிரப்புங்கள். எத்தனை லிட்டர் என்பது ஆக்ஸிலுக்கு ஆக்ஸில் மாறும், புத்தகத்தைப் பாருங்கள். ஹப் ரிடக்‌ஷன் (சக்கர ஹப்புக்குள்ளும் கியர்) உள்ள டிப்பரில் ஒவ்வொரு ஹப்புக்கும் தனி ஆயில் உண்டு. சக்கரத்தைச் சுற்றி, பிளக் கீழே வரும்போது வடித்து, குறியிட்ட மட்டத்துக்கு வந்ததும் ஊற்ற வேண்டும்.

பலர் விட்டுவிடுவது பிரீத்தர், அதாவது ஹவுசிங்கின் மேல் உள்ள காற்றுப்போக்கி. குவாரித் தூசியில் அது அடைத்துக்கொண்டால், சூட்டில் ஹவுசிங்குக்குள் அழுத்தம் ஏறி, ஹப் சீலைத் தாண்டி ஆயில் பிரேக் லைனரில் இறங்கும். மட்டத்துக்கு மேல் ஊற்றினாலும் இதே கதிதான். ஆயில் குடித்த லைனரோடு தொப்பூர் இறக்கத்தில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரீத்தரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து, முதல் லோடு போய் வந்ததும் பின் டிரம்களின் உள்பக்கத்தில் ஆயில் வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.