முதல் 15 நிமிடம்: நாடக வகுப்பில் வார்ம்-அப் நடத்தும் முறை

வார்ம்-அப்பை முடிவிலிருந்து யோசியுங்கள். இன்றைக்கு எந்தக் காட்சி ஒத்திகை? சந்தைக் காட்சி என்றால் குரலும் கூட்டமாக நகர்வதும் தேவை. இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசும் காட்சிக்கு மூச்சும் கவனமும் தேவை. காட்சியை நினைக்காமல் ஏதோ ஒரு விளையாட்டை இறக்கினால் பிள்ளைகள் சிரித்துக் களைத்துவிடுவார்கள், ஒத்திகைக்குத் தெம்பு மிஞ்சாது.

ஒரு மணி நேர வகுப்புக்கு உடம்புக்கு 5 நிமிடம், மூச்சுக்கும் குரலுக்கும் 4, சேர்ந்து செய்யும் பயிற்சிக்கு 6. இது சேலத்துக் கணக்கு. ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரியில் உடம்புக்கு இன்னும் 4 நிமிடம் கூட்டுங்கள். குளிரில் இறுகிய தசையை எடுத்தவுடன் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். நடை, மெல்லோட்டம், அப்புறம்தான் நீட்டல். கீழே சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் சங்கதி வேறு. உடம்பு ஏற்கெனவே சூடாக இருக்கும், தொண்டைதான் காய்ந்து கிடக்கும். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துத் தொடங்குங்கள். மத்தியான வெயிலில் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம்.

செருப்பு, சாக்ஸ் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள்; மொசைக் தரையில் சாக்ஸ் வழுக்கும். கை நீட்டினால் பக்கத்து ஆள்மேல் படாத அளவுக்கு வட்டம். நீங்களும் அதில் ஓர் ஆளாக நில்லுங்கள். கணுக்காலில் ஆரம்பித்து முழங்கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று மேலே வாருங்கள், ஒவ்வொன்றுக்கும் 8 எண்ணிக்கை. கழுத்தை மட்டும் முழு வட்டமாகச் சுழற்ற விடாதீர்கள். தலை பின்னால் சாயும்போது கழுத்தெலும்பு மூட்டுகள் அழுந்தும். ஒரு தோளிலிருந்து மார்பு வழியாக மறு தோளுக்கு அரை வட்டம் போதும்.

அடுத்து மூச்சு. 4 எண்ணி இழுத்து, 'ஸ்ஸ்' என்று 8 எண்ணி விட வேண்டும்; பிறகு 12, 16. தோள் தூக்கினால் மூச்சு மேல் நெஞ்சிலேயே நிற்கிறது என்று அர்த்தம், கையை வயிற்றில் வைக்கச் சொல்லுங்கள். உதட்டில் குறுகுறுப்பு தெரியும்வரை 'ம்ம்' என்று முனகட்டும். அதற்கு முன்னால் கத்த விட்டால் அன்றைக்குக் குரல் கட்டிக்கொள்ளும். நாக்குக்கு 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்' இருக்கவே இருக்கிறது. வேகம் அப்புறம். 'ழ' வராத பிள்ளையிடம் நாக்கு நுனியை மடக்கி, அண்ணத்தைத் தொடாமல் நிறுத்தச் சொல்லுங்கள். தொட்டால் அது 'ள'.

சேர்ந்து செய்ய 'ஏற்காடு பஸ்' அருமையான பயிற்சி. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், விளக்கவே வேண்டியதில்லை. இரண்டிரண்டு பேராக வரிசையில் நிற்கட்டும், முன்னால் ஒரு டிரைவர். டிரைவர் பேசக் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பலாம், அவ்வளவுதான். அவர் இடப்பக்கம் ஒடித்தால் மொத்தப் பஸ்ஸும் வலப்பக்கம் சாய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் திரும்பும் பக்கமே சாய்வார்கள். இரண்டு வளைவில் சரியாகிவிடும். ஒவ்வொரு வளைவிலும் எல்லோரும் ஒரே குரலில் எண்ணைச் சொல்ல வேண்டும். 1 கிசுகிசுப்பு, 10 சாதாரணப் பேச்சு, 20 முழுக்குரல். இந்த அளவை முன்கூட்டியே சொல்லாவிட்டால் 7-ஆவது வளைவிலேயே உச்சத்துக்குப் போய்விடுவார்கள். ஒருவர் முந்தினாலும் பஸ் அடிவாரத்துக்கே திரும்பும். 20 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு பஸ் விடுங்கள், பின்வரிசைக்கு டிரைவர் தெரியாது.

சண்டைக் காட்சி நாளில் திடீர் பிரேக் போட்டு உறைய வையுங்கள். துக்கக் காட்சிக்குப் பாதையில் பனிமூட்டம்: டிரைவர் ஊர்ந்து போவார், உடம்பும் குரலும் தானாக நிதானத்துக்கு வரும்.

எதையும் 30 வினாடிக்கு மேல் விளக்காதீர்கள், செய்து காட்டித் தொடங்குங்கள். தோற்றவரை வெளியேற்றும் ஆட்டம் வைக்காதீர்கள். முதலில் வெளியேறுவது கூச்சப்படுகிற பிள்ளைதான், வார்ம்-அப் அதிகம் தேவைப்படுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான். அப்படிப்பட்டவரைப் பஸ்ஸின் நடுவரிசையில் நிறுத்துங்கள். வீசிங், மூட்டு வலி இருக்கிறதா என்று வகுப்புக்கு முன்பே தனியாகக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக மலை இறக்கம்: 20-இலிருந்து 1 வரை, குரலைக் குறைத்துக்கொண்டே. 1 சொல்லி முடிந்ததும் ஒரு மூச்சு இடைவெளி. அந்த அமைதி கலைவதற்குள் காட்சிக்கான இடங்களில் போய் நிற்கச் சொல்லி முதல் வசனத்தைத் தொடங்கிவிடுங்கள்.