சினோன் சிவப்பு ஒயின்: கம்பம் வெயிலில் வாங்குவதும் ஊற்றுவதும்

பன்னீர் திராட்சையில் பழகிய நாக்குக்கு பிரான்ஸின் சினோன் ஊர் ஒயின் முதல் மடக்கில் பிடிபடாது. துளி இனிப்பு இருக்காது. ராஸ்பெர்ரி வாசம், கூடவே பச்சைக் குடமிளகாய் வாசம், கடைசியில் துவர்ப்பு. லுவார் நதியில் போய்ச் சேரும் வியென் ஆற்றங்கரையில் விளையும் கபெர்னே ஃப்ராங்க் திராட்சையின் குணம் அது. அந்த ஊர்க்காரர்கள் அதை ‘பிரெத்தோன்’ என்பார்கள். 10 சதவீதம் வரை கபெர்னே சோவினியோன் எனும் வேறு திராட்சை சேர்க்கவும் விதி இடம் தருகிறது.

லேபிளில் ‘சினோன்’ என்று ஊர்ப்பெயர் இருக்கும். திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. வாங்குமுன் கேட்க வேண்டியது மண்ணைப் பற்றித்தான். ஆற்றோர மணலிலும் சரளையிலும் விளைந்தது மெலிதாக இருக்கும். மூன்று நான்கு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். ‘துஃபோ’ எனும் சுண்ணாம்புக்கல் சரிவில் விளைந்தது துவர்ப்பு மிகுந்தது, பத்து வருடமும் தாங்கும். ‘வியெய் வீன்’ என்றால் பழைய கொடி. எத்தனை வயது என்பதற்குச் சட்ட வரையறை இல்லாததால் அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். 2018 வெயில் வருடம், பழம் நன்றாகக் கனிந்தது. 2021இல் ஏப்ரல் உறைபனி தாக்கியது. அந்த வருட ஒயினில் பச்சை வாசம் தூக்கலாக இருக்கும்.

தக்கை வாயை விட்டு மேலே எழும்பியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு தெரிந்தாலோ வாங்காதீர்கள். வழியில் வெயில் பட்ட பாட்டில் அது. திறந்தால் காய்ச்சிய ஜாம் வாசம்தான் வரும். குமுளி வழியாக எடுத்துப் போவதானால் இரு மாநில மதுவிலக்கு விதிகளையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சினோனில் ஒயின் உறங்குவது பாறையில் குடைந்த குளிர்ந்த நிலவறைகளில். நம் வீட்டு அலமாரி அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் இருந்தால் சீக்கிரம் கிழடு தட்டும். சில வாரத்துக்கு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைத்தால் போதும்.

இந்த ஒயினைக் கெடுப்பது பெரும்பாலும் ஊற்றும் சூடுதான். மெலிதானதற்கு 13, 14 டிகிரி. சரிவு ஒயினுக்கு 16. முப்பது டிகிரியில் சாராய நெடி முந்தும், பழவாசம் காணாமல் போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினாலோ வெறும் துவர்ப்பும் பச்சை வாசமும்தான். வெளியே இருந்த பாட்டிலை ஐஸும் தண்ணீரும் சரிபாதி நிரப்பிய வாளியில் கழுத்துவரை 15 முதல் 20 நிமிடம் அமிழ்த்துங்கள். தண்ணீர் விடாமல் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றி இடைவெளி விழும், குளிர மெதுவாகும். டம்ளரில் சீக்கிரம் சூடேறும் என்பதால் ஒரு தடவைக்கு 75 மில்லிக்கு மேல் வேண்டாம்.

நனைந்த அட்டை வாசம் வந்தால் தக்கை கெட்டது, திருத்த வழியில்லை. அவித்த முட்டை வாசமானால் கூஜாவுக்கு மாற்றி அரைமணி விடுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

இடுக்கி மிளகு போட்ட ஆட்டுச் சுக்காவோடு அருமையாகச் சேரும். வற்றல் மிளகாயைக் குறையுங்கள், காரம் துவர்ப்பைக் கசப்பாக்கும். மத்திக் குழம்போடு வேண்டாம், வாயில் இரும்புச் சுவை வரும். மிச்சத்தைத் தக்கையால் மூடி ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.