மூன்றாம் மைசூர்ப் போரை ஒரே மேப்பில் படிப்பது எப்படி?

மைசூர் ராஜ்யத்துக்கும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த மைசூர்ப் போர்கள் மொத்தம் நான்கு. எட்டாம் வகுப்பில் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது திரும்பவும் வந்து நிற்கும். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஆண்டையும் உடன்படிக்கையையும் ஜோடி போட்டு மனப்பாடம் செய்தேன். 1769 மெட்ராஸ், 1784 மங்களூர், 1792 ஸ்ரீரங்கப்பட்டணம். பரீட்சையில் மூன்றாம் போருக்கு மங்களூர் உடன்படிக்கையை எழுதிவிட்டு வந்தேன். அந்தப் பரீட்சை ஹால் ஜன்னலில் இருந்து பார்த்தால் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை தெரியும். அந்த மலைக்கும் என் விடைத்தாளுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது நானே சமூக அறிவியல் வாத்தியார். காவேரிப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் போரை மேப்பை வைத்துத்தான் நடத்துகிறேன். அந்த முறையை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பிள்ளை தனியாகவும் செய்யலாம், அப்பா அம்மா கூட உட்கார்ந்தும் செய்யலாம்.

தேவையானவை: தென்னிந்தியா முழுதும் தெரிகிற அவுட்லைன் மேப் ஒன்று, பென்சில், ரப்பர், நான்கு கலர் ஸ்கெட்ச். தமிழ்நாடு மட்டும் இருக்கிற மேப் வாங்காதீர்கள். பாதிப் போர் கர்நாடகத்தில் நடக்கிறது, பாதி வழியில் காகிதம் தீர்ந்துவிடும்.

படி 1: முதலில் உங்கள் ஊர்

பாடப்புத்தகம் திருவிதாங்கூரில் ஆரம்பிக்கும். நீங்கள் அங்கே ஆரம்பிக்க வேண்டாம். முதலில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரி, பென்னாகரம், தொப்பூர், ராயக்கோட்டை, ஓசூர் ஆகியவற்றுக்குப் பென்சிலால் புள்ளி வையுங்கள். அப்புறம் பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், வேலூர், சென்னை, கோயம்புத்தூர், கடைசியாகத் திருவிதாங்கூர்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறிப் பெங்களூர் போயிருப்பீர்கள். சூளகிரி தாண்டி ஓசூர் நெருங்கும்போது காற்று மாறும், ஜன்னலைச் சாத்தலாமா என்று தோன்றும். காரணம், நீங்கள் மேலே ஏறிவிட்டீர்கள். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓசூரோ 900 மீட்டரை ஒட்டி. பெங்களூரும் ஓசூர் உயரம்தான். ஆக, நம் ஊர் கீழ்ப்படி, மைசூர் ராஜ்யத்தின் நடுப்பகுதி மேல்படி. இரண்டுக்கும் நடுவே மேப்பில் பழுப்பு ஸ்கெட்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு கோணலாக வந்தால் பரவாயில்லை, மலையும் கோணல்தான்.

வகுப்பில் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பேன்: "கீழே இருந்து பீரங்கியை மாட்டு வண்டியில் கட்டி மேலே கொண்டு போகணும். எந்த வழியா ஏத்துவீங்க?" பிள்ளைகள் கொஞ்ச நேரம் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் யாராவது ராயக்கோட்டை என்பார்கள். தர்மபுரி, பாலக்கோடு வழியாகப் பெங்களூர் போகிற ரயிலும் அந்தப் பக்கமாகத்தான் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைப் பார்த்தபடி ஒரு மலை, மலைமேல் ஒரு கோட்டை. ஏன் அங்கே கட்டினார்கள் என்று இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

படி 2: பொறி எங்கே விழுந்தது?

இப்போது திருவிதாங்கூருக்குப் போகலாம். 1789-இல் திருவிதாங்கூர் ராஜா டச்சுக்காரர்களிடம் இருந்து கொடுங்கல்லூர்க் கோட்டையை வாங்கினார். அது தனக்குக் கப்பம் கட்டும் கொச்சிக்குச் சேர்ந்த இடம் என்றார் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் திருவிதாங்கூரின் காவல் அரணைத் தாக்கினார். திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் நட்பு நாடு. போர் வந்துவிட்டது.

இது பொறி மட்டும்தான். அடியில் விறகு ரொம்ப நாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. 1784 மங்களூர் உடன்படிக்கையில் ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்து வரவேண்டியிருந்தது, அந்த மனக்குறை கம்பெனிக்குத் தீரவில்லை. திப்புவின் வளர்ச்சி மராட்டியருக்கும் ஹைதராபாத் நிஜாமுக்கும் உறுத்தியது. விடைத்தாளில் "காரணங்கள்" என்று கேட்டால் விறகையும் எழுதுங்கள், பொறியையும் எழுதுங்கள். நிறைய பேர் பொறியை மட்டும் எழுதி மார்க்கை விடுகிறார்கள்.

படி 3: யார் யார் பக்கம்

பச்சை ஸ்கெட்ச் திப்புவுக்கு, சிவப்பு கம்பெனிக்கு. 1790 ஜூனில் மராட்டியரும் ஜூலையில் நிஜாமும் கம்பெனியோடு சேர்ந்தார்கள், அவர்களுக்கு நீலம். பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன கலர் என்று கேட்பீர்கள். முந்தைய போரில் மைசூர் பக்கம் நின்றவர்கள்தான். ஆனால் 1789-இல் பிரான்சிலேயே புரட்சி வெடித்துவிட்டது, இந்தத் தடவை அவர்கள் வரவில்லை. மேப்பில் வெறும் இடமாக விடுங்கள். அந்த வெற்றிடமும் ஒரு காரணம்தான்.

படி 4: அம்புக்குறி போடுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஆகும். ஒவ்வோர் அம்புக்கும் பக்கத்தில் ஆண்டும் மாதமும் எழுதுங்கள்.

1790-இல் ஜெனரல் மெடோஸ் தலைமையில் கம்பெனிப் படை தெற்கே திருச்சிப் பக்கமிருந்து கோயம்புத்தூர் போகிறது. ஒரு சிவப்பு அம்பு. செப்டம்பரில் திப்பு கஜல்ஹட்டி கணவாய் வழியாக இறங்கி வந்து அந்தத் திட்டத்தைக் குலைக்கிறார். ஒரு பச்சை அம்பு. நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற கர்னல் இன்னொரு படையோடு கிருஷ்ணகிரிப் பக்கம் வர, திப்பு அவரை நோக்கித் திரும்புகிறார். மெடோசும் பின்னாலேயே வருகிறார். இரண்டு ஆங்கிலப் படைகளும் வந்து சேர்ந்த இடம் காவேரிப்பட்டணம். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். "நம்ம காவேரிப்பட்டணமா சார்?" நம்ம காவேரிப்பட்டணமேதான்.

இரண்டு படையோடும் ஒன்றாக மோத விரும்பாத திப்பு, தொப்பூர் கணவாய் வழியாகத் தெற்கே நழுவிவிடுகிறார். லாரி விபத்துச் செய்தியில் இன்றைக்கும் அடிக்கடி வருகிறதே, அதே தொப்பூர். அதே நேரத்தில் மெடோசின் படையும் அந்தக் கணவாய்க்கு வந்து, இரண்டும் மோதிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டது. பச்சை அம்பைத் தொப்பூர் வழியாகக் கீழே இறக்குங்கள்.

1791-இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தானே தலைமை ஏற்கிறார். பத்து வருடத்துக்கு முன் அமெரிக்காவில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தாரே, அதே ஆள். வேலூர் வந்தவர் ஆம்பூர் பக்கமாக நம் பகுதிக் கணவாய்களில் ஏறப் போவதாகப் போக்குக் காட்டினார். திப்பு இங்கே காத்திருக்க, அவர் வடக்கே மொகிலி கணவாயில் ஏறிவிட்டார். மார்ச் 21-இல் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. ஆம்பூர் நோக்கிப் புள்ளிக்கோடு, மொகிலி வழியாக முழுக்கோடு. பொய் அம்புக்குப் புள்ளிக்கோடு என்பது ஒரு மாணவியின் யோசனை. அதற்குப்பின் எல்லா வகுப்பிலும் அதையே வைத்துக்கொண்டேன்.

மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல் வரை போனார். சண்டையிலும் ஜெயித்தார். ஆனாலும் திரும்ப வேண்டியதாயிற்று. ஏன்? மழை. அரிசி இல்லை. பீரங்கி இழுக்கும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இழுக்க மாடு இல்லாததால் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். வழியில்தான் மராட்டியப் படை வந்து சேர்ந்தது. சில நாள் முன்னால் வந்திருந்தால் கதையே வேறு. இந்த இடத்தில் மேப்பில் ஒரு மாட்டுத்தலை வரையச் சொல்வேன். சிரித்துக்கொண்டே வரைவார்கள், ஆனால் பரீட்சையில் மறக்க மாட்டார்கள்.

அந்த மாட்டுத்தலையைப் பார்த்தால்தான் அடுத்த ஆறு மாதம் புரியும். தீவனமும் அரிசியும் தடையில்லாமல் மேலே வர வேண்டுமென்றால் வழியில் உள்ள கோட்டைகள் கையில் இருக்க வேண்டும். அதனால் 1791 ஜூலையில் ஓசூர், அதையடுத்து ராயக்கோட்டை. அக்டோபர் கடைசியில் பென்னாகரம். மூன்றுக்கும் சிவப்பு வட்டம் போடுங்கள்.

நவம்பர் 7 இரவு மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். மலையடிவாரத்துப் பேட்டை விழுந்தது. தப்பி மேலே ஓடுகிறவர்கள் பின்னாலேயே ஓடி மேல்கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்பது திட்டம். மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். திட்டம் நடக்கவில்லை, படை திரும்பியது. கிருஷ்ணகிரிக்குச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டவர்கள் ரப்பரை எடுங்கள். அது பச்சையாகவே நிற்கட்டும்.

1792 பிப்ரவரியில் காரன்வாலிஸ் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். இந்தத் தடவை அரிசி வந்தது, மாடு வந்தது, மராட்டியரும் நிஜாமும் வந்தார்கள். மார்ச் 18-இல் உடன்படிக்கை.

படி 5: ஊர்க்கதையைத் தனி நோட்டில் எழுதுங்கள்

இந்தப் போரைப் படித்துவிட்டு வீட்டில் பேசினால், தாத்தா ஒருவர் கட்டாயம் சொல்வார்: "கிருஷ்ணகிரிக் கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுரங்கம் இருக்குது கண்ணு." தமிழ்நாட்டில் சுரங்கம் இல்லாத கோட்டையை நான் கேள்விப்பட்டதே இல்லை. தாத்தாவோடு வாதாடாதீர்கள். கதையை எழுதி வைத்துக்கொண்டு மூன்று கேள்வியை உங்களையே கேளுங்கள்: இதை யார் பார்த்தது? எப்போது எழுதி வைத்தார்கள்? நடக்கக்கூடிய காரியமா? கருங்கல் மலையைக் குடைந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் போட முடிந்திருந்தால், திப்பு ஏன் தொப்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்?

இன்னொன்று, பாரமகால் என்ற பெயர். நம் வட்டாரத்தின் பழைய பெயர் அது. பன்னிரண்டு கோட்டைகள் உள்ள நாடு என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டு எவை என்று தேடினால் ஆளுக்கொரு பட்டியல் கிடைக்கும். பரீட்சைக்கு "பாரமகால்" போதும், பட்டியலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 6: உடன்படிக்கையை எண்ணாகவும் நிலமாகவும் பாருங்கள்

திப்பு தன் நாட்டில் பாதியைக் கொடுக்க வேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை இரண்டு மகன்கள் பிணை. மூத்தவனுக்குப் பத்து வயது இருக்கும், இளையவனுக்கு எட்டு. ஆறாம் வகுப்புத் தம்பிகள் இருக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். 1794-இல்தான் அந்தப் பையன்கள் வீடு திரும்பினார்கள்.

நிலத்தில் கம்பெனிக்குக் கிடைத்தவை மலபார், குடகு, திண்டுக்கல், அப்புறம் நம் பாரமகால். அவற்றைச் சிவப்பால் லேசாக நிரப்புங்கள். சண்டையில் பிடிக்க முடியாத கிருஷ்ணகிரி, கையெழுத்தில் போனது.

பாடப்புத்தகத்தில் இதற்கப்புறம் பாடம் மாறிவிடும். நீங்கள் இன்னும் ஒரு கோடு சேருங்கள். புதிதாகக் கிடைத்த பாரமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, பயிர் செய்கிறவர் பெயரிலேயே நேராக வரி போடும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. பின்னாளில் மன்றோ சென்னை மாகாண கவர்னராகி அதை மாகாணம் முழுக்கப் பரப்பினார். "ரயத்துவாரி முறையை அறிமுகப்படுத்தியவர் யார்" என்று வேறொரு பாடத்தில் ஒரு மார்க் கேள்வி வரும். அந்த விடையும் இந்த மேப்புக்குள்தான் இருக்கிறது.

படி 7: விடை எழுதுவது

மேப்பை மூடிவிட்டு ஐந்து மார்க் விடை எழுதிப் பாருங்கள். காரணம் இரண்டு வரி, கட்சிகள் ஒரு வரி, போக்கு மூன்று வரி, உடன்படிக்கை இரண்டு வரி. எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அந்த அம்பை மட்டும் மறுபடி பாருங்கள். முழுதாகத் திரும்பப் படிக்க வேண்டாம்.

கோட்டையை நேரில் பார்க்கப் போகிறவர்கள் காலையில் சீக்கிரம் ஏறுங்கள், தண்ணீர் நிறைய எடுங்கள். ஏப்ரல் மாதத்தில் பதினொரு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு நான் பட்ட பாடு போதும். பாதி வழியில் எனக்கே தலை சுற்றி, ஒரு பையன் தன் பாட்டிலை நீட்டினான். மேலே போனதும் கையில் மேப்பை வைத்துக்கொண்டு ராயக்கோட்டை எந்தத் திசை, காவேரிப்பட்டணம் எந்தத் திசை என்று காட்டச் சொல்லுங்கள்.

போன வருடம் கலர் அடித்து முடித்த ஒரு பையன் மேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், 1791-லேயே ஓசூரைப் பிடிச்சாங்கன்னு சிவப்பு வட்டம் போட்டோம். 92-ல கிடைச்ச இடத்துல ஓசூர் இல்லையே?" நான் கேட்க மறந்த கேள்வி. ஓசூர்ப் பகுதி திப்புவிடமே திரும்பிப் போனது. நான்காம் போரில், 1799 மார்ச்சில் கம்பெனியின் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாக மேலே ஏறி, மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு இறந்த பிறகுதான் ஓசூர் கம்பெனி கைக்கு வந்தது. அவன் ரப்பரை வாங்கிக்கொண்டு போய்ச் சிவப்பு வட்டத்தை அழித்தான். அழித்த இடத்தில் சின்னதாக "1799" என்று எழுதி, அடுத்த பாடத்துக்கு இப்போதே ஒரு அம்பு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான்.