சமவாய்ப்பு மின்காந்தப் புலத்தைக் கணக்கில் பிடிப்பது: சூரிய ஒளியிலிருந்து திருவாதிரை வரை

பச்சை ஒளியின் மின்புலம் நொடிக்கு 5 கோடி கோடி தடவைக்கு மேல் ஆடுகிறது. அதிலும் சூரியனில் எண்ணற்ற அணுக்கள் தத்தம் போக்கில் ஒளியை உமிழ்கின்றன. அடுத்த கணம் புலம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் பதில் கிடைக்காது. சராசரிகளைக் கேட்டால் கிடைக்கும். +2 கணக்கும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

படி 1: ஒரு புள்ளியில் கூட்டுங்கள்

ஒவ்வோர் அணுவின் பங்கையும் ஓர் அம்பாக வரையுங்கள். நீளம் வீச்சு (அலை எவ்வளவு உயரம் ஆடுகிறது), திசை கட்டம் (ஆட்டத்தின் எந்த இடத்தில் அலை இருக்கிறது). நீளம் 1 உள்ள 100 அம்புகளை மனம்போன திசைகளில் ஒன்றின் முனையில் அடுத்ததை வைத்துக் கோத்துக்கொண்டே போங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், மொத்த அம்பின் சராசரி சுழி. ஆனால் அதன் நீளத்தின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்தால் 100 வரும், ஏனென்றால் குறுக்குப் பெருக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கருவி காட்டும் செறிவு இந்த வர்க்கச் சராசரிதான். 1880-இலேயே இயற்பியலாளர் ராலே இதை எழுதிவிட்டார்.

படி 2: நேரத்தில் ஒப்பிடுங்கள்

அம்பைக் கலப்பெண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். இப்போதைய புலத்தின் இணைக் கலப்பெண்ணை, சற்று நேரம் கழித்து வரும் புலத்தோடு பெருக்கிச் சராசரி எடுங்கள். இதுதான் ஒட்டுறவுச் சார்பு, அதாவது இரு புலங்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதன் அளவு. அதை ஃபூரியர் மாற்றம் செய்தால், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரித்தால், ஒளியின் நிறமாலை வந்து நிற்கும் (வீனர் 1930, கின்ச்சின் 1934). கைக்கணக்குக்கு, அலைநீளத்தின் வர்க்கத்தை நிறமாலை அகலத்தால் வகுத்தால் ஓரியல் நீளம் (அலையின் கட்டம் ஒழுங்காகத் தொடரும் தூரம்) ஏறக்குறையக் கிடைக்கும். சிவப்பு எல்இடிக்கு அலைநீளம் 630 நானோமீட்டர், அகலம் 20 என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 20 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமன்கூட இல்லை!

படி 3: இடத்தில் ஒப்பிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இப்போது நேரத்தை விட்டுவிட்டு, இரண்டு புள்ளிகளின் புலங்களைப் பெருக்கிச் சராசரி எடுங்கள். மூலத்தின் அணுக்களுக்குள் எந்த ஒட்டுறவும் இல்லாவிட்டாலும், தொலைவில் நெருங்கிய இரு புள்ளிகளுக்கு ஒவ்வோர் அணுவின் அலையும் ஏறத்தாழ ஒரே கட்டத்தில் வந்து சேரும். அதனால் அங்கே ஒட்டுறவு பிறந்துவிடுகிறது. அதன் வடிவம், மூலத்தின் பிரகாசப் பரவலின் ஃபூரியர் மாற்றம். இதுதான் வான் சிட்டர்ட் (1934), ஸெர்னிக்கே (1938) தேற்றம்.

சீரான வட்டு மூலத்துக்கு ஒட்டுறவு முதலில் சுழியாகும் இடைவெளி = 1.22 × அலைநீளம் ÷ மூலம் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் (ரேடியனில்).

சூரியனுக்குக் கோணம் 0.0093. அலைநீளம் 0.55 மைக்ரோமீட்டர். போட்டுப் பாருங்கள், 72 மைக்ரோமீட்டர் வரும். ஒளியை இரண்டு பிளவுகள் வழியே விட்டு, அலைகள் கலந்து உண்டாகும் ஒளி-இருள் பட்டைகளைப் பார்க்கும் இரட்டைப் பிளவுச் சோதனை நேர் வெயிலில் சொதப்புவது இதனால்தான். முதலில் ஓர் ஊசித்துளை வழியாக ஒளியை விட்டால் மூலத்தின் கோணம் சுருங்கும், பட்டைகள் தெரியும்.

படி 4: தலைகீழாகப் போடுங்கள்

இடைவெளி தெரிந்தால் கோணத்தைக் கண்டுபிடிக்கலாம் இல்லையா? 1920 டிசம்பரில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியில், இயற்பியலாளர் மைக்கெல்சனின் முறைப்படி திருவாதிரை நட்சத்திரத்துக்கு இதைச் செய்தார்கள். தொலைநோக்கியின் முகப்பில் இரண்டு கண்ணாடிகளை வைத்து இடைவெளியைக் கூட்டக் கூட்ட, 121 அங்குலத்தில், அதாவது 3.07 மீட்டரில், குறுக்கீட்டுப் பட்டைகள் மறைந்தன. கருவி கலைந்ததால் மறையவில்லை என்பதற்கு, வேறு நட்சத்திரங்களில் பட்டைகள் தெரிவதையும் சரிபார்த்துக்கொண்டார்கள்.

அலைநீளம் 0.575 மைக்ரோமீட்டர். 1.22-ஆல் பெருக்கி 3.07 மீட்டரால் வகுத்தால், ஒரு கோடியில் 2.28 பங்கு ரேடியன். ஒரு ரேடியனுக்கு 206265 வில்நொடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு வில்நொடி), அதனால் அதை 206265-ஆல் பெருக்குங்கள். 0.047 வில்நொடி!

சரி, ஒரு எச்சரிக்கை. 1.22 என்பது சீரான வட்டுக்கு மட்டும். உண்மை நட்சத்திரத்தின் ஓரம் மங்கலாக இருக்கும். அந்தப் பரவலைப் போட்டு ஃபூரியர் மாற்றத்தைத் திரும்பச் செய்தால், அதே 3.07 மீட்டருக்கு விட்டம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வரும்.