கையொப்பமில்லாத பழைய கோட்டோவியத்தை ஆராய்வது எப்படி?

கையொப்பமோ தேதியோ இல்லாத ஒரு பழைய கோட்டோவியத்தைப் பார்த்தவுடன் "யார் வரைந்தது?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். 'லா பெல்லா பிரின்சிபெஸா' (அழகிய இளவரசி) என்று இன்று அழைக்கப்படும் இளம்பெண்ணின் பக்கவாட்டு முகச் சித்திரத்தை வைத்தே பழகலாம். 1998இல் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 'ஜெர்மானியப் பாணி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்' என்ற குறிப்புடன் 21,850 டாலருக்கு விலைபோனது. பின்னர் மார்ட்டின் கெம்ப் உள்ளிட்ட சில அறிஞர்கள் அது லியோனார்டோ டாவின்சியின் கைவண்ணம் என்றார்கள். வேறு பலர் ஏற்கவில்லை. பிணக்கு இன்னும் தீரவில்லை.

படி 1: எதன்மீது, எதைக்கொண்டு?

இது தாளில் அல்ல, பதப்படுத்திய விலங்குத் தோலில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை சுண்ணக்கட்டிகளாலும் (சாக்) மையாலும் வரையப்பட்டது. கரிமக் காலக்கணிப்பு 1440க்கும் 1650க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அது தோலின் வயது மட்டுமே. எழுதப்படாத பழைய தோல் கையில் இருந்தால் யாரும் எந்தக் காலத்திலும் அதில் வரையலாம்.

படி 2: கோடுகளின் சாய்வு

உருப்பெருக்கியில் நிழல்கோடுகளை, அதாவது நிழல் காட்ட நெருக்கமாக இடும் சாய்கோடுகளைப் பாருங்கள். வலக்கைக்காரரின் கோடுகள் பெரும்பாலும் வலப்பக்க மேலிருந்து இடப்பக்கக் கீழே சரியும். இந்தப் படத்தில் சாய்வு நேர்மாறானது, லியோனார்டோவும் இடக்கைக்காரர். வலுவான தடயம்தான், ஆனால் அந்தச் சாய்வைப் பார்த்துப் பழகிய ஒருவர் போலச் செய்யவும் முடியும்.

படி 3: ஓரமும் பின்புறமும்

பழைய சேகரிப்பாளர்கள் தங்கள் படங்களில் சிறு முத்திரை குத்துவதுண்டு. ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921இல் வெளியிட்ட முத்திரைத் தொகுப்பு இதற்கான அகராதி. இன்று அதை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். முத்திரை சொல்வது யார் வைத்திருந்தார் என்பதை. யார் வரைந்தார் என்பதை அல்ல.

நம் இளவரசி ஓக் பலகையில் ஒட்டப்பட்டிருப்பதால் பின்புறம் மறைந்துவிட்டது. இடது ஓரத்தில் மூன்று தையல் துளைகள் உண்டு. வார்சாவில் உள்ள, 1490இல் தோலில் அச்சான ஒரு நூலிலிருந்து கிழிக்கப்பட்ட பக்கம் இது என்று கெம்ப் வாதிட்டார். அந்த நூலின் தையலிலோ ஐந்து துளைகள் என்று எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியது.

படி 4: கைமாறிய வரலாறு

எனக்கு மிகவும் பிடித்த படி இது. நிலம் வாங்குபவர் மூலப் பத்திரத்தைத் தேடுவதுபோல, இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஆவணம்', 'வாய்மொழி', 'ஊகம்' என்று ஒன்றைக் குறியுங்கள்.

1998 ஏலம்: ஆவணம். விற்றவர் ஜீன் மார்கிக். 1955இல் தங்களுக்குத் திருமணமானபோதே ஓவியச் சீரமைப்பாளரான தன் கணவரிடம் படம் இருந்தது என்றார்: வாய்மொழி. அதற்கு முன் வெற்றிடம். ஐந்து நூற்றாண்டுகளில் ஏறத்தாழ நாலரை நூற்றாண்டுக்குக் கணக்கே இல்லை.

அந்த ஒரு வாய்மொழியின் கனத்தைப் பாருங்கள். ஷான் கிரீன்ஹால்ஷ் என்ற ஆங்கிலேயப் போலி ஓவியர், தானே 1978இல் பழைய தோலில் இதை வரைந்ததாக 2015இல் எழுதினார். மார்கிக் சொன்னது உண்மையானால் இது பொய். 1978க்கு முந்தைய ஒரு புகைப்படமோ சீரமைப்புக் குறிப்போ கிடைத்தால் கிரீன்ஹால்ஷின் கதை அன்றே முடிந்துவிடும். லியோனார்டோ வரைந்தாரா என்ற கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும்.