தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள்

குளிர்கால கேம்பிங்கில் இரவு படுக்கும் முன் தண்ணீர் பாட்டிலை மூடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே ஏறி அங்கேதான் முதலில் உறையும். நிமிர்த்தி வைத்தால் அந்தப் பனிக்கட்டி சரியாக வாய்ப்பகுதியை அடைத்துவிடும், காலையில் மூடியின் மரையும் இறுகிக் கிடக்கும். கவிழ்த்து வைத்தால் பனிக்கட்டி இப்போது மேலே இருக்கும் பாட்டிலின் அடிப்பக்கத்தில் நின்றுவிடும், மூடியைத் திறந்ததும் தண்ணீர் வரும். அமெரிக்காவில் மினசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களின் ஸ்டேட் பார்க்குகளில் குளிர்காலத்தில் குழாய்கள் பலவற்றை மூடிவிடுவார்கள், அதனால் காலைக் காபிக்கு இந்தத் தண்ணீர்தான் கதி.

அகன்ற வாய் பாட்டிலே நல்லது. உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். அப்புறம், கசியாத மூடிதானா என்று வீட்டிலேயே சிங்க்கில் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். நனைந்த ஸ்லீப்பிங் பேக் அந்தக் குளிரில் ஆபத்து.

உறிஞ்சுகுழல் வைத்த பாட்டில்களுக்கு இது சரிவராது. மைனஸ் 15, 20 என்று இரவு முழுக்க இறங்கினால் பாட்டில் மொத்தமும் உறைந்துவிடும். அப்போது ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு வைத்துக்கொள்வதுதான் வழி.