தொலைதூர விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்து இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தால், தவறான விடையே கிடைக்கும். பூமி உருண்டை என்பதால், மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின், அதாவது பூமியை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் வட்டத்தின், வில்லாகவே அமைகிறது. டோக்கியோவின் நரிடாவும் லாஸ் ஏஞ்சலிசும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 36, 34 பாகைகளில் இருக்கின்றன. ஆயினும் அவற்றுக்கிடையிலான குறுகிய பாதை ஏறத்தாழ 48 பாகை வடக்கு வரை ஏறி, பின்னர் இறங்குகிறது. உலக உருண்டை ஒன்றின் மீது நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் இது உடனே விளங்கிவிடும்.

துல்லியம் வேண்டுமெனில் அறிவியல் கணிப்பான் போதும். இரு அட்சரேகைகளின் சைன்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்ள வேண்டும். அதனுடன், அவற்றின் கொசைன்கள் இரண்டையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் சேர்த்துப் பெருக்கி வருவதைக் கூட்டினால், மையக்கோணத்தின், அதாவது பூமியின் மையத்தில் இரு ஊர்களுக்கும் இடையே அமையும் கோணத்தின், கொசைன் கிடைக்கும்; கணிப்பானில் அதன் தலைகீழ் கொசைனை எடுத்தால் கோணம் வந்துவிடும். தெற்கு, மேற்குப் பாகைகளுக்குக் கழித்தல் குறி இட வேண்டும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. நரிடா 35.76 வடக்கு, 140.39 கிழக்கு, லாஸ் ஏஞ்சலிஸ் 33.94 வடக்கு, 118.41 மேற்கு. இவற்றிலிருந்து வரும் கோணம் 78.7 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் ஏறத்தாழ 8,750 கிலோமீட்டர், 1.852 ஆல் வகுத்தால் 4,725 கடல்மைல். அட்சரேகையை ஒட்டியே பறந்தால் சுமார் 500 கிலோமீட்டர் கூடுதலாகும்.

இனி நேரம். பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன என்று கொண்டு வகுத்து, ஏற்றம், இறக்கம், ஓடுபாதை வரையிலான ஊர்தல் ஆகியவற்றுக்கு அரை மணி நேரம் சேர்த்தால் 10 மணி 15 நிமிடம் வருகிறது. ஆனால் காற்றைக் கணக்கில் கொள்ளாத எந்த விடையையும் நான் நம்புவதில்லை. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதன் சராசரி உதவி மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், கிழக்கு நோக்கிச் செல்லும் பயணம் 9 மணி 15 நிமிடமாகக் குறைகிறது. அதே தூரத்தை எதிர்க்காற்றில் கடக்க 11 மணி 25 நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

வான்வெளித் தடைகளும் கணக்கை மாற்றும். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, முன்பு சுமார் 9 மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தை நெருங்கியது.

பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களையும் நேரடியாகக் கழிப்பது மிகப் பொதுவான தவறு. அவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். முதலில் இரண்டையும் உலகப் பொது நேரமான யுடிசி நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். குளிர்காலச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு டோக்கியோவில் புறப்படுவது யுடிசிப்படி காலை 8 மணி. 10 மணி நேரம் பறந்தால் யுடிசி மாலை 6 மணி. அது லாஸ் ஏஞ்சலிசில் அதே சனிக்கிழமை காலை 10 மணி. புறப்பட்ட நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்ததுபோல் தோன்றுவதற்குச் சர்வதேசத் தேதிக்கோடே காரணம். கோடைக்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறது, டோக்கியோ நகர்த்துவதில்லை. ஆகவே வேறுபாடு 17 மணியா 16 மணியா என்பதைப் பயண நாளுக்கே உரியதாகப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.